பொது சைக்கிள் பகிர்வு: பத்து நிலையத்தோடு 'சோதனை ஓட்டம்' விட்டால் எதைச் சோதிக்கிறோம்?

#1 தெருமுனை

ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து ஓட்டி இன்னொரு நிலையத்தில் விட்டுவிடுகிற பொது சைக்கிள் திட்டம் பற்றி எங்கே கூட்டம் போட்டாலும் யாராவது ஒருவர் எழுந்து, "முதலில் பத்து இடத்தில் வைத்துப் பார்ப்போம், ஜனங்கள் எடுத்து ஓட்டினால் அப்புறம் பெருக்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுவார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். செலவு கம்மி, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். என்னைக் கேட்டால், ஒரு நல்ல திட்டத்தை முளையிலேயே கிள்ளிவிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சைக்கிளை எடுக்கிற இடம் ஒன்று, விடுகிற இடம் இன்னொன்று. இரண்டுமே நமக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நகரத்தின் பாதிப் பரப்பில் மட்டும் நிலையங்கள் இருந்தால், ஒரு பயணத்தின் இரண்டு முனைகளும் அதற்குள் விழுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசிதான். பத்தில் ஒரு பங்குப் பரப்பு என்றால் நூற்றில் ஒன்று. மக்கள் அதிகம் போவது பக்கத்து இடங்களுக்கு என்பதால் நிஜத்தில் இவ்வளவு மோசமாக இருக்காது, ஆனாலும் போக்கு இதுதான். இன்னொரு கணக்கும் பாருங்கள். 10 நிலையம் இருந்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக 90 வழிகள். 20 ஆக்கினால் 380. செலவு இரண்டு மடங்கு, வழிகள் நாலு மடங்குக்கு மேல்.

தைவானின் தைப்பே நகரத்தில் நடக்கிற யூபைக் என்ற பொது சைக்கிள் திட்டத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. 2009 மார்ச்சில் சின்யி வட்டாரத்தில் 11 நிலையம், 500 சைக்கிளோடு சோதனை ஓட்டம் விட்டார்கள். எடுத்து ஓட்ட ஆளில்லை. வேறு நகரமாக இருந்திருந்தால் "நம் ஜனங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று மூட்டை கட்டியிருப்பார்கள். தைப்பே 2012இல் அதையே விரிவாக்கியது. நிலையங்களைக் கூட்டினார்கள், மெட்ரோவுக்குப் பயன்படுத்துகிற அட்டையிலேயே சைக்கிளையும் எடுக்கலாம் என்றார்கள், முதல் அரை மணி நேரம் இலவசம் என்றார்கள். அப்புறம் உலகத்திலேயே ஒரு சைக்கிள் ஒரு நாளில் அதிக முறை கைமாறுகிற திட்டங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. அதே நகரம், அதே ஜனங்கள், அதே மழை.

பாரிஸ் சோதனை ஓட்டமே விடவில்லை. 2007 ஜூலை 15 அன்று வெலிப் என்ற அதன் திட்டம் திறந்தபோதே சுமார் 750 நிலையம், 10,000 சைக்கிள். அந்த வருடம் முடிவதற்குள் நிலையங்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டன. சராசரியாக 300 மீட்டருக்கு ஒரு நிலையம். இதைத்தான் சரியான தொடக்கம் என்பேன்.

இந்தத் துறையில் வேலை பார்த்தவர்கள், படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். எதிர்க்கருத்தும் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

எதிர்க்கருத்து என்னிடம் இருக்கிறது. பாரிஸால் முதல் நாளே 10,000 சைக்கிளை இறக்க முடிந்ததற்குக் காரணம், ஜேசிடிகோ என்ற விளம்பரக் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு நகரத்துத் தெருக்களில் 1,600க்கு மேற்பட்ட விளம்பரப் பலகைகளை வைக்கிற உரிமை அதற்குக் கிடைத்தது. மேயர் பெர்த்ரான் தெலானோயே கஜானாவிலிருந்து பெரிய தொகை எடுக்காமல் பேர் வாங்கினார். ஆனால் அந்தப் பலகைகளை நகரமே ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கும் பணமும் பொதுப்பணம்தானே? இலவசமாக வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

போகட்டும், அந்தப் பேரமும் சொன்னபடி நிற்கவில்லை. சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் திருடு போயின, அதைவிட அதிகமாக உடைக்கப்பட்டன. கடைசியில் சேதச் செலவில் நகரமும் பங்கேற்கிற மாதிரி ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அவ்வளவு பெரிய தொடக்கம் தோற்றிருந்தால் யார் பொறுப்பு? சின்னதாகத் தொடங்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் எதிரிகள் இல்லை. வரிப்பணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

#3 ஒத்தையடிப்பாதை

தைப்பே விஷயம் எனக்குப் புதுசு. 11 நிலையத்துக்கு 500 சைக்கிள் என்றால் ஒரு நிலையத்துக்குச் சராசரி 45 வருகிறதே! சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, போவதற்குத்தான் இடமில்லை.

#4 தெருமுனை

> சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, போவதற்குத்தான் இடமில்லை.

அதேதான். அறிவிப்பு வரும்போது பத்திரிகைகள் சைக்கிள் எண்ணிக்கையைத்தான் தலைப்பில் போடும். நான் முதலில் பார்ப்பது ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை நிலையம் என்பதை. நகரப் போக்குவரத்து பற்றி ஆலோசனை சொல்கிற ஐடிடிபி அமைப்பு 2013இல் வெளியிட்ட திட்டமிடல் கையேடு 10 முதல் 16 வரை வேண்டும் என்கிறது. நிலையத்துக்கு நிலையம் 300 மீட்டர் என்பதும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான்.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கவலை புரிகிறது. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பரப்பைச் சுருக்குங்கள், அடர்த்தியைச் சுருக்காதீர்கள். நகரம் முழுக்க இருபது நிலையம் தூவுவதைவிட, இரண்டு சதுர கிலோமீட்டருக்குள் அதே இருபதை வைத்தால் அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் திட்டம் உயிரோடு இருக்கும். நியூயார்க் 2013 மே மாதம் தொடங்கியபோது மன்ஹாட்டனில் 59ஆவது தெருவுக்குத் தெற்கே, புரூக்ளினில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அதற்குள் 300க்கு மேல் நிலையங்கள். வெளியே ஒன்றுமில்லை. மற்ற வட்டாரத்து ஜனங்கள் "எங்களுக்கு எப்போது" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்விதான் விரிவாக்கத்துக்கு வேண்டிய பலம்.

#5 நீலவேணி

"எங்களுக்கு எப்போது" என்று கேட்டவர்கள் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணா. அடர்த்தியான, பணமுள்ள நடுப்பகுதியில் தொடங்குவது எல்லா இடத்திலும் வழக்கம். ஏழை வட்டாரங்கள் எப்போதும் இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம். மூன்றாம் கட்டத்துக்குள் பணம் தீர்ந்துவிடும்.

நிலையம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? வங்கி அட்டை இல்லாதவர் எப்படி எடுப்பார்? பல திட்டங்களில் சைக்கிளுக்குப் பிணையாக அட்டையில் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். கையில் இருப்பதே அவ்வளவுதான் என்கிறவருக்கு அது கதவைச் சாத்துவதற்குச் சமம். பிலடெல்பியாவின் சைக்கிள் திட்டமான இண்டிகோ 2015இல் தொடங்கும்போதே ரொக்கமாகக் கட்டும் வசதி வைத்தது, அரசு உதவி அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணமும் கொண்டுவந்தது. தொடங்கும்போதே யோசித்தால் இதெல்லாம் நடக்கும். பிறகு ஒட்டுப்போடலாம் என்று விட்டால் நடக்காது.

#6 பழைய செயின்

நான் ஒரு நகரத்துத் திட்டத்தில் வேனில் போய் சைக்கிளை இடம் மாற்றுகிற வேலை, அப்புறம் பட்டறை வேலை, இரண்டும் பார்த்தவன். எந்த நகரம் என்பது வேண்டாம். நீங்கள் எல்லோரும் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பார்த்தது தொடங்கியதற்கு மறுநாள் காலையிலிருந்து நடக்கிற விஷயம்.

காலை ஏழு மணிக்கு வீடுகள் இருக்கிற பகுதியில் சைக்கிள் இருக்கும். எட்டரைக்கு அங்கே ஒன்றுகூட இருக்காது. எல்லாம் அலுவலகப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே என்ன பிரச்சினை என்றால் விடுவதற்குக் காலி ஸ்லாட், அதாவது சைக்கிளைப் பூட்டி நிறுத்துகிற இடம், இல்லை. சைக்கிள் கிடைக்காதவர் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விடுவார். சைக்கிளை விட இடம் கிடைக்காதவர் நிலைமை அப்படியில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது, கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது, சைக்கிளைத் தெருவில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அடுத்த நிலையத்துக்குப் போனால் அதுவும் நிரம்பியிருக்கும். இப்படி இரண்டு முறை மாட்டிக்கொண்டவர் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கமாட்டார். நான் பேசிப்பார்த்தவர்களில் திட்டத்தை விட்டு விலகியவர்கள் சொன்ன காரணம் பெரும்பாலும் இதுதான்.

எங்கள் வேனில் இருபது சொச்சம் சைக்கிள் கொள்ளும். அந்த நேரத்தில் தெருவெல்லாம் கார். ஒரு நிலையத்தைக் காலி செய்து வேனை நகர்த்துவதற்குள் அது மறுபடி நிரம்பிவிடும். அதனால் காலையில் நாங்கள் செய்வதைவிட முந்தின இரவு செய்து வைப்பதுதான் கைகொடுக்கும். அலுவலகப் பகுதியைக் காலியாக வைத்துவிட்டு, வீட்டுப் பகுதியை நிரப்பி வைக்க வேண்டும். ரொம்ப நெரிசலான இரண்டு மூன்று இடங்களில் ஒரு ஆளை நிறுத்தி, வருகிற சைக்கிளை ஸ்லாட்டுக்கு வெளியே வரிசையாக அடுக்கி வாங்கிக்கொள்ளச் சொன்னோம். ஒரு கயிறு, ஒரு கைக்கருவி, ஒரு ஆள். எல்லாவற்றையும்விட அதுதான் பலன் தந்தது.

எனவே தெருமுனை சார் சொல்கிற அடர்த்தியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரு சைக்கிளுக்கு இரண்டு ஸ்லாட்டாவது வேண்டும். சைக்கிள் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள் காலி இடத்துக்குப் பணம் ஒதுக்க யோசிப்பார்கள். காலி இடம்தான் இந்தத் திட்டத்தை ஓட வைக்கிறது.

#7 ஒத்தையடிப்பாதை

#6ஐ எல்லா நகராட்சி அலுவலகத்திலும் ஒட்டிவைக்க வேண்டும்.

செயின் அண்ணா, ஓட்டுகிறவர்களையே இடம் மாற்ற வைக்க முடியாதா? மேட்டில் இருக்கிற நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டால் சலுகை என்கிற மாதிரி?

#8 பழைய செயின்

முடியும். பாரிஸில் மோன்மார்த்ர், பெல்வில் மாதிரி மேட்டுப் பகுதிகளில் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள், மேலே கொண்டுவர ஆளிருக்காது. அதற்காக அந்த நிலையங்களில் விட்டால் 15 நிமிடம் கூடுதல் இலவச நேரம் என்று வைத்தார்கள். நியூயார்க்கில் நிரம்பிய நிலையத்திலிருந்து எடுத்துக் காலி நிலையத்தில் விடுகிறவர்களுக்குப் புள்ளிகள் தருகிறார்கள். அது வேன் வேலையைக் குறைக்கும், ஆனால் வேனே வேண்டாம் என்கிற அளவுக்குப் போகாது. 22 கிலோ சைக்கிளை மேட்டில் மிதிக்க 15 நிமிடச் சலுகை எத்தனை பேருக்குப் போதும்?

இப்போது மின்சார சைக்கிள் வந்தபிறகு மேடு ஒரு பொருட்டில்லை. அதற்குப் பதிலாக பேட்டரி மாற்றுகிற வேலை வந்துவிட்டது.

#9 முத்து_வே

ஒரு சந்தேகம். நிலையமே எதற்கு? ஆப்பில் பார்த்து எங்கே கிடக்கிறதோ அங்கே எடுத்து, எங்கே வேண்டுமோ அங்கே விட்டுவிடலாமே. தோண்ட வேண்டாம், மின் இணைப்பு வேண்டாம், ஸ்லாட் கணக்கும் வேண்டாம். பழைய தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்க வேண்டும்?

#10 நீலவேணி

ஏன் என்றால் அந்த "எங்கே வேண்டுமோ அங்கே" என்பது நடைபாதை. சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், பார்வையற்றவருக்கும், கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுகிறவருக்கும் இருக்கிற ஒரே வழி அது. அவர்கள் வழியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போகிற சுதந்திரத்தை நான் வசதி என்று ஒத்துக்கொள்ளமாட்டேன்.

#11 தெருமுனை

முத்து, இந்தச் சோதனையைச் சீனா மிகப்பெரிய அளவில் செய்து பார்த்துவிட்டது. நிலையமில்லாத சைக்கிள் கம்பெனிகளில் ஓஃபோ பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014இல் தொடங்கியது, மொபைக் அடுத்த வருடம். முதலீட்டாளர் பணம் கொட்டியது. ஒருவரையொருவர் முந்துவதற்காகத் தெருவில் சைக்கிளைக் குவித்தார்கள். ஷாங்காய், பெய்ஜிங் உட்படப் பல நகரங்கள் 2017இல் "இனிப் புது சைக்கிள் இறக்கக் கூடாது" என்று தடை போட்டன. அப்புறப்படுத்திய சைக்கிள்கள் மைதானம் மைதானமாகக் குவிந்து கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 2018 டிசம்பரில் ஓஃபோ டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு ஆப்பில் வரிசை நின்றவர்கள் ஒரு கோடிக்கும் மேல். ஒருவருக்கு 99 அல்லது 199 யுவான். தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை, சேர்த்துப் பார்த்தால் மலை.

அதில் ஒரு நன்மையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிலையத்துக்கு வெளியே வாழ்கிற எத்தனையோ பேருக்கு முதன்முறையாக சைக்கிள் கைக்கெட்டியது. பூட்டு சைக்கிளிலேயே இருப்பதால் நிலையம் மலிவாகவும் ஆகிவிட்டது. தைப்பேயே 2020க்குப் பிறகு அந்தப் பாதைக்கு வந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை யூபைக்கில் மின்னணுச் சாமான் சைக்கிளில் இருக்கிறது, நிலையத்தில் வெறும் நிறுத்துகிற தூண். ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தை அவர்கள் கைவிடவில்லை. கனடாவின் மாண்ட்ரியல் 2009லேயே தரையைத் தோண்டாத, சூரிய மின்சாரத்தில் ஓடுகிற, லாரியில் தூக்கி வைக்கக்கூடிய நிலையத்தைக் கொண்டுவந்தது. தோண்டுகிற செலவைத் தவிர்ப்பதுதான் நோக்கம் என்றால் வழி ஏற்கெனவே இருக்கிறது.

#12 கணக்குப்பிள்ளை

மாண்ட்ரியல் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உலகமெல்லாம் அந்த நிலையத்தை விற்ற அதே நிறுவனம் 2014 ஜனவரியில் திவாலானது. நல்ல பொறியியல், மோசமான நிதி. நகரம் கையில் எடுத்துக்கொண்டதால் மாண்ட்ரியலில் சைக்கிள்கள் பிழைத்தன.

நியூயார்க் பக்கமும் பாருங்கள். பொதுப்பணம் ஒரு டாலர் கூட இல்லாமல் சிட்டிபேங்க் கொடுத்த 4.1 கோடி டாலரில் ஐந்து வருடம் ஓட்டுவதாகத் தொடங்கினார்கள். அடுத்த வருடமே திண்டாட்டம், கம்பெனி கைமாறியது, 95 டாலராக இருந்த ஆண்டுக் கட்டணம் 149 ஆனது. அப்புறமும் ஏறியது.

எனக்கு இருக்கிற பெரிய கேள்வி இதைவிட அடிப்படையானது. இவ்வளவு செலவு செய்து எதை மாற்றுகிறோம்? பொது சைக்கிளில் போகிறவர்கள் காரை விட்டுவிட்டு வந்தவர்களா? 2014இல் வந்த ஓர் ஆய்வு லண்டன், மெல்பர்ன், வாஷிங்டன் முதலான நகரங்களை ஒப்பிட்டது. லண்டனில் காருக்குப் பதிலாக வந்த பயணம் 2 சதவீத அளவுதான். மற்றதில் பெரும்பாலானவை முன்பு நடந்தோ, பஸ்ஸிலோ, ரயிலிலோ போனவை. லண்டனில் சைக்கிளை இடம் மாற்றுகிற வேன் ஓடிய தூரம் கார்கள் ஓடாமல் மிச்சமான தூரத்தைவிட அதிகம் என்றும் அதில் இருக்கிறது. இந்தப் பணத்தில் பஸ் விட்டால் என்ன?

#13 பழைய செயின்

வேன் விஷயம் உண்மைதான் ஐயா. டீசல் வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு சுற்றுவது எனக்கும் உறுத்தியிருக்கிறது. நடுப்பகுதிக்குள் சைக்கிள் இழுக்கிற டிரெய்லரில் ஐந்தாறு சைக்கிளை மாற்றலாம். சில நகரங்களில் செய்கிறார்கள்.

#14 தெருமுனை

கணக்குப்பிள்ளை ஐயா, நீங்கள் சொன்ன ஆய்வு முக்கியமானது. அதே ஆய்வில் மெல்பர்னில் காருக்குப் பதிலாக வந்தது 19 சதவீதம். லண்டன் நடுப்பகுதிக்குள் வேலைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே காரில் போவது அபூர்வம். இல்லாத காரை சைக்கிள் எப்படி இறக்கும்? எனவே 2 சதவீதம் என்பது சைக்கிளைப் பற்றிச் சொல்வதைவிட அந்த நகரத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

காரைக் குறைக்கும் என்று சொல்லி இந்தத் திட்டத்தை விற்பதை நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம். இது ரயிலின் நீட்சி. ரயிலை விட்டு இறங்கியதும் மிச்சமிருக்கிற ஒன்றரை கிலோமீட்டரை இருபது நிமிடத்துக்குப் பதில் ஏழு நிமிடத்தில் கடக்கிறோம். நடந்து போனவர் பதின்மூன்று நிமிடம் மிச்சப்படுத்தினால் அதுவும் பலன்தானே? ரயிலுக்கு அப்படி ஒரு கேள்வி கேட்பதில்லையே, "முன்னே நடந்து போனவர்தானே" என்று. சீனாவின் ஹாங்ஜோ நகரம் 2008இல் பொது சைக்கிளைத் தொடங்கியபோது அதை பஸ் நடத்துகிற பொதுத்துறையிடமே கொடுத்தது. பஸ் அட்டையில் சைக்கிள், முதல் ஒரு மணி நேரம் இலவசம். பஸ்ஸா சைக்கிளா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. இரண்டும் ஒரே கையில்.

#15 நீலவேணி

மெல்பர்ன் பேச்சு வந்துவிட்டது, அது ஏன் மூடப்பட்டது என்பதையும் பேசுவோம். 2010இல் தொடங்கி 2019இல் நிறுத்தினார்கள். சுமார் 50 நிலையம், 600 சைக்கிள். தெருமுனை அண்ணா சொல்கிற அடர்த்திக் குறை ஒரு காரணம். இன்னொன்று, ஆஸ்திரேலியாவில் தலைக்கவசம் போடாமல் சைக்கிள் ஓட்டினால் அபராதம். திடீரென்று சைக்கிளில் போகலாம் என்று நினைக்கிறவர் கையில் தலைக்கவசம் இருக்குமா? மலிவு விலையில் விற்றுப் பார்த்தார்கள், சைக்கிளோடு சேர்த்தே தொங்கவிட்டும் பார்த்தார்கள், நகரவில்லை. சியாட்டிலில் 2014இல் தொடங்கிய ப்ரோன்டோவும் அதே 50 நிலையம், அதே மாதிரிச் சட்டம், மேடு பள்ளம் வேறு. போதாததற்கு நிலையங்களை ஒன்றுக்கொன்று தொலைவான இரண்டு பகுதிகளாகப் பிரித்து வைத்தார்கள். 2017 மார்ச்சோடு முடிந்தது.

மெக்சிகோ சிட்டி 2010இல் எகோபிசியைத் தொடங்குவதற்கு முன்பே தலைக்கவசக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பாதுகாப்பைக் குறைக்கிறார்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு என் பதில், பாதுகாப்பு தலையில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஸ்பெயினின் செவில்யா நகரத்தைப் பாருங்கள். 2006, 2007இல் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தனிப்பாதையை, தடுப்போடு, ஒன்றோடொன்று இணைகிற மாதிரி, ஒரே மூச்சில் போட்டார்கள். 2007லேயே 250 நிலையம், 2,500 சைக்கிளோடு செவிசி வந்தது. சைக்கிள் பயணம் சில வருடத்தில் பல மடங்கு கூடியது. இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் நம்பிக்கை. லாரிக்குப் பக்கத்தில் ஓட்டத் துணிகிறவர்கள் மட்டும் ஓட்டுகிற திட்டத்தில் பெண்களும் வயதானவர்களும் குறைவாகத்தான் இருப்பார்கள். பல நகரங்களின் உறுப்பினர் கணக்கு அதைத்தான் காட்டுகிறது.

#16 முத்து_வே

நீலவேணி அக்கா, செவில்யா பற்றிப் படிக்கிறேன். பாதையும் சைக்கிளும் ஒன்றாக வர வேண்டும் என்பது சரியாகப் படுகிறது. ஆனால் இரண்டும் இரண்டு துறை, இரண்டு பட்ஜெட். எங்கேயும் ஒரே நேரத்தில் நடப்பதில்லையே?

#17 நீலவேணி

நடக்க வைக்கத்தான் நாம் கேட்கிறோம் முத்து. நிலையத்துக்கு இடம் பார்க்கிற அதே வரைபடத்தில் பாதையையும் வரையச் சொல்ல வேண்டும்.

#18 பழைய செயின்

எல்லோரும் தோல்விக்குப் பெரிய காரணம் தேடுகிறீர்கள். நான் சின்னக் காரணம் சொல்கிறேன்.

பாரிஸில் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எடுத்த சைக்கிள் பழுது என்றால், திரும்ப விடும்போது சீட்டைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவார்கள். அடுத்து வருகிறவர் பார்த்ததும் தெரிந்துகொள்வார். யாரும் உத்தரவு போட்டு வந்ததில்லை, ஓட்டுகிறவர்களே உண்டாக்கிக்கொண்டது. ஒரு நிலையத்தில் பத்து சைக்கிள் இருக்கிறது என்று ஆப் காட்டும், போய்ப் பார்த்தால் ஆறு சீட் பின்பக்கம் திரும்பியிருக்கும். அந்த ஆறும் ஆறு ஸ்லாட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

பட்டறைக்கு வருகிற சைக்கிளில் என்ன பழுது? பெரும்பாலும் பெரிய விஷயம் ஒன்றுமிருக்காது. சீட்டை ஏற்றி இறக்குகிற கவ்வி தளர்ந்திருக்கும், நாளுக்குப் பத்துப் பேர் கைவைத்தால் தளராதா? காற்று இறங்கிய டயர், பிரேக் கம்பி, கழன்ற மிதி. இரண்டு பேர் ஒரு பெட்டியோடு தெருவிலேயே சரிசெய்துவிடலாம். ஆனால் பட்ஜெட்டைக் குறைக்கும்போது முதலில் போவது அந்த இரண்டு பேர்தான். புது சைக்கிள் வாங்கினால் திறப்பு விழா உண்டு. கவ்வியை இறுக்கினால் என்ன விழா?

#19 ஒத்தையடிப்பாதை

இதைக் கேட்டதும் பாரிஸில் 2018இல் நடந்தது ஞாபகம் வருகிறது. பத்து வருடம் நன்றாக ஓடிய வெலிப் எப்படி ஒரே இரவில் சரிந்தது? விவரம் தெரிந்தவர் யாராவது எழுதுங்கள்.

#20 தெருமுனை

ஒப்பந்தம் கைமாறியது. பழைய கம்பெனியின் காலம் 2017 டிசம்பர் 31 வரை. புதிதாக எடுத்த ஸ்மோவெங்கோ ஜனவரி 1 அன்று தொடங்க வேண்டும். பழைய சைக்கிள் புது நிலையத்தில் பூட்டாது, புது சைக்கிள் பழைய நிலையத்தில் பூட்டாது. எனவே ஆயிரத்து நானூறு நிலையத்தையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட வேண்டும். முதல் நாளுக்கு 600 நிலையம் என்று சொல்லியிருந்தார்கள். திறந்தது அறுபத்துச் சொச்சம். டெண்டரை எதிர்த்து வழக்கு, தாமதம், தோண்டுகிற வேலை, மின் இணைப்பு கிடைக்காத நிலையங்கள். மூன்றில் ஒரு பங்கு சைக்கிள் மின்சாரம் என்று பெருமையாக அறிவித்திருந்தார்கள், பல நிலையங்களோ பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. பேட்டரி தீர்ந்தால் பூட்டே திறக்காது. வசந்த காலத்தில் ஊழியர் வேலைநிறுத்தம் வேறு. சந்தாதாரர்கள் கூட்டமாக விலகினார்கள்.

மறுபடி எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு வருடத்தில் நிலையங்கள் திரும்பி வந்தன, சுற்றியுள்ள ஊர்களுக்கும் விரிந்தது, இன்று நகரத்தில் அது இல்லாமல் எப்படி என்கிற நிலை. அடர்த்தியான வலைப்பின்னல் ஏற்கெனவே ஜனங்கள் பழக்கத்தில் இருந்ததால்தான் அந்த அடியைத் தாங்கியது என்று நினைக்கிறேன். 50 நிலையம் உள்ள ஒரு திட்டத்துக்கு அதே அடி விழுந்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

#21 தரவுக்கூடை

தாமதமாக வந்து நுழைகிறேன். ஒப்பந்தம் பற்றிப் பேசுவதால் ஒன்று. 2015 முதல் ஜிபிஎஃப்எஸ் என்று ஒரு பொதுத் தரவு வடிவம் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் எத்தனை சைக்கிள், எத்தனை காலி ஸ்லாட், எத்தனை பழுது என்பதை யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி உடனுக்குடன் வெளியிடலாம். உலகமெங்கும் நூற்றுக்கணக்கான திட்டங்கள் வெளியிடுகின்றன. நகரம் ஒப்பந்தத்தில் இதைக் கட்டாயமாக்கிவிட்டால், எந்த நிலையம் காலை எட்டரைக்குக் காலியாக இருக்கிறது என்பதைக் கம்பெனி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பழைய செயின் கண்ணால் பார்த்ததை எல்லோரும் பார்க்கலாம். அபராதமும் அதன் மேல் போடலாம்: ஒரு நிலையம் இத்தனை நிமிடத்துக்கு மேல் காலியாகவோ நிரம்பியோ இருந்தால் இவ்வளவு பிடித்தம் என்று.

#22 கணக்குப்பிள்ளை

இது எனக்குப் பிடித்திருக்கிறது. நடத்துகிறவருக்கு சைக்கிள் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பதைவிட, ஓடுகிற நிலையில் உள்ள சைக்கிள் இருக்க வேண்டிய நேரத்தில் நிலையத்தில் இருந்ததற்குப் பணம் கொடுப்பது சரி. மூலதனத்துக்கு ஒரு தலைப்பு, வருடாந்திரப் பராமரிப்புக்குத் தனித் தலைப்பு, இரண்டையும் கலக்கக் கூடாது. அப்படி எழுதினால் பெரிதாகத் தொடங்குவதற்கு எனக்கு ஆட்சேபணை பாதி குறைந்துவிடும். பாதிதான். மீதிப் பாதிக்கு, ஐந்து வருடப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் காட்ட வேண்டும்.

#23 ஒத்தையடிப்பாதை

இந்த இழையைத் தொடங்கிய தெருமுனை அண்ணாவுக்கு நன்றி. நான் ஒரு கருத்துக் கேட்புக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். நகரம் முழுக்கப் பதினைந்து நிலையம் என்பதுதான் அவர்கள் முன்மொழிவு. இதை வைத்து எழுதியிருக்கிறேன், சரியா பாருங்கள்:

"பதினைந்து நிலையங்களையும் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள ஒன்றரை சதுர கிலோமீட்டருக்குள் 300 மீட்டர் இடைவெளியில் அமைக்கவும். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது குறைந்த வருமானக் குடியிருப்பு ஒன்றாவது உள்ளே வருமாறு பார்த்துக்கொள்ளவும். ரொக்கக் கட்டணம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும், டெபாசிட் கூடாது. ஒரு சைக்கிளுக்கு இரண்டு ஸ்லாட். தனிப்பாதை வரைபடத்தை இதோடு சேர்த்து வெளியிடவும். நிலையத் தரவு பொதுவெளியில் இருக்க வேண்டும். இரண்டாம் கட்டத்துக்கான இடமும் பணமும் இப்போதே அறிவிக்கப்பட வேண்டும். ஆறு மாதப் பயன்பாட்டை வைத்துத் திட்டத்தை மூடும் முடிவு எடுக்கக் கூடாது."

#24 நீலவேணி

ரொம்ப நன்றாக இருக்கிறது. "ஒன்றாவது" என்பதை "இரண்டாவது" ஆக்கிவிடு தங்கை. அவர்கள் பேரம் பேசி ஒன்றுக்கு இறங்குவார்கள்.

#25 பழைய செயின்

பராமரிப்பு விடுபட்டிருக்கிறதே. நூறு சைக்கிளுக்கு எத்தனை மெக்கானிக் என்று எண்ணிக்கை போட்டுக் கேளுங்கள், "போதிய பணியாளர்" என்று எழுதினால் ஒருவரைக்கூட வைக்கமாட்டார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் இரண்டு கம்பெனியிடமாவது கிடைக்கிற மாடலாக இருக்க வேண்டும் என்றும் சேருங்கள். இரவு வேலை பார்க்கிறவர்களுக்குக் கழிவறையோடு ஓர் இடமும் வேண்டும்.

#26 ஒத்தையடிப்பாதை

சேர்த்துவிட்டேன் அண்ணா. நீலவேணி அக்கா சொன்ன திருத்தமும் போட்டாயிற்று. நாளை காலை கொடுக்கப் போகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.